இரண்டாம் பாகமும் இரண்டாம் பாலமும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், கணினி விளையாட்டுகளைப் பற்றி வந்த ஒரு கேள்விக்கு, "முதல் பாகம் பிடித்தது என்பதற்காக இரண்டாம் பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அப்படி ஒரு வரியில் தப்பித்துக்கொள்ள வாசகர்கள் விடவில்லை. அதைத் தொட்டு வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டு, இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நகரம் கட்டும் கணினி விளையாட்டு ஒன்றைப் பல ஆண்டுகளாக ஆடி வருகிறேன். பினாங்குத் தீவின் வரைபடத்தை அதில் ஏற்றி, கொம்தாரிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை சாலைகள் போட்டு வைத்திருக்கிறேன். அதே வகையில் இரண்டாம் பாகம் ஒன்று வந்தபோது கிராஃபிக்ஸ் கார்டையும் மாற்றிக்கொண்டு ஆசையோடு வாங்கினேன். காட்சிகள் அழகாக இருக்கின்றன. சாலை போடும் கருவிகளும் முன்னைவிட நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் மனம் ஒட்டவில்லை. ஒரே மாதத்தில் பழையதற்கே திரும்பிவிட்டேன். இதற்கு என்ன காரணம்?
– ஒரு வாசகர், பாயான் பாரு

பதில்: எந்த ஆட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் நல்லதுதான், உங்கள் கணினியில் நடந்ததற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் நகரம் கட்டும் ஆட்டங்களின் வரலாறே உங்கள் கேள்விக்கு விடை சொல்லும்படி அமைந்திருப்பதால், பலரும் அறிந்த ஒரு குடும்பக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வகை ஆட்டத்திற்கு வழி திறந்தது 1989-இல் வில் ரைட் உருவாக்கிய சிம்சிட்டி. அதன் நான்காம் பாகம் 2003-இல் வந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2013 மார்ச்சில், எண் எதுவும் சேர்க்காமல் வெறும் சிம்சிட்டி என்ற பெயரிலேயே அடுத்தது வந்தது. தனியாக ஆடுபவரும் இணையத்தில் இணைந்தே ஆக வேண்டும் என்று அதில் விதித்திருந்தார்கள். முதல் நாள்களில் சர்வர்கள் கூட்டத்தைத் தாங்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் உள்ளே நுழையவே காத்துக் கிடந்தார்கள். நுழைந்தவர்களுக்கும், ஒரு நகரத்திற்கென்று கிடைத்த நிலம் பக்கத்திற்கு இரண்டு கிலோமீட்டர் அளவுதான். இணையம் இல்லாமல் ஆடும் வசதி ஓராண்டு கழித்தே வந்து சேர்ந்தது. அந்த ஏமாற்றம் ஆறாத நேரத்தில், ஃபின்லாந்தின் தம்பெரே நகரில், அதுவரை பேருந்து, டிராம் தடங்களை அமைக்கும் ஆட்டங்களைச் செய்துகொண்டிருந்த கொலோசல் ஆர்டர் என்ற நிறுவனம், ஏறத்தாழ ஒரு டஜன் பேரைக் கொண்ட குழுவோடு, சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற ஆட்டத்தை 2015 மார்ச் 10-ஆம் நாள் வெளியிட்டது. சிம்சிட்டியைச் செய்த மேக்சிஸ் நிறுவனத்தின் எமரிவில் அலுவலகம் மூடப்படும் செய்தி வந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு தொடர்ச்சியின் தோல்வியில் பிறந்த பிள்ளை அது. 2022-க்குள் 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றுத் தீர்ந்த அந்தப் பிள்ளைக்கே ஒரு தொடர்ச்சி வந்தபோது, அதற்கும் ஏறக்குறைய அதே கதி நேர்ந்தது.

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2, 2023 அக்டோபர் 24-இல் வந்தது. ஆட்டத்தின் வேகம் தாங்கள் எண்ணியிருந்த அளவை எட்டவில்லை என்பதை, வெளியாவதற்கு முன்பே, செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டும் கணினிப் பதிப்பின் தேதியை மாற்றவில்லை. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளும் திணறின. காரணம் தேடி உள்ளே குடைந்து பார்த்தவர்கள், வானத்திலிருந்து பார்க்கையில் எறும்பளவுகூடத் தெரியாத நகரவாசிகளுக்குத் தனித்தனியாகப் பற்கள் வரை செதுக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தொலைவில் இருப்பவற்றை எளிய வடிவத்தில் காட்டுவது இத்துறையில் பால பாடம். அந்த வேலை பல இடங்களில் முடிக்கப்படாமலே கிடந்தது. சிரிப்பை வரவழைக்கும் இந்தப் பல் விவகாரம் வேகத்தை மட்டும்தான் கெடுத்தது. உங்கள் மனம் ஒட்டாமற்போனதற்கான காரணம் வேறிடத்தில் இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

அதற்கு முன் ஒரு நியாயத்தைப் பேசிவிட வேண்டும். "இரண்டாம் பாகத்தில் சைக்கிள்கூட இல்லையே" என்பது அப்போது எங்கும் கேட்ட குறை. உண்மைதான், வெளியானபோது சைக்கிள் இல்லை. ஆனால் 2015-இல் முதல் பாகம் வெளியானபோதும் சைக்கிள் இல்லை, டாக்சி இல்லை, டிராம் இல்லை, இரவும் பகலும் மாறி வருவதுகூட இல்லை. சைக்கிளும் டாக்சியும் அந்த ஆண்டு செப்டம்பரில் விற்ற கூடுதல் பொதியில் வந்தன. டிராம் 2016-இல் பனியோடு சேர்ந்து வந்தது. மோனோரயிலும் படகும் 2017 வரை காத்திருந்தன. பிறந்த நாளில் வைத்துப் பார்த்தால் இரண்டாவது பிள்ளைதான் வளர்த்தி அதிகம்: பருவங்கள் மாறின, டிராமும் சுரங்க ரயிலும் முதல் நாளே ஓடின, நிலமும் 441 கட்டங்களாக விரிந்து கிடந்தது. ஆனால் வாங்குபவர் பிறந்த நாள்களை ஒப்பிடுவதில்லை. எட்டாண்டு உரம் போட்டு வளர்ந்த மரத்தையும் நேற்று நட்ட கன்றையும் அருகருகே நிறுத்திப் பார்க்கிறார். செய்தவர் தாம் புதிதாகச் சேர்த்தவற்றை எண்ணுகிறார்; ஆடுபவரோ கையை நீட்டி, பழகிய இடத்தில் பழகிய பொருள் இல்லாததை எண்ணுகிறார். இரண்டு கணக்குகளும் சரியானவை. ஆனால் காசு கொடுப்பவர் இரண்டாவது கணக்கைப் போடுபவர்.

இனி மனம் ஒட்டாத செய்திக்கு வருகிறேன். முதல் பாகத்தை ஆடிய எவருக்கும் பிணவண்டி அனுபவம் இருக்கும். ஒரே வாரத்தில் பெரிய குடியிருப்பைக் கட்டிவிடுவோம், ஒத்த வயதுடையவர்கள் மொத்தமாகக் குடியேறுவார்கள், சில காலம் கழித்து மொத்தமாகவே இறப்பார்கள், பிணவண்டிகள் நாம் அவசரத்தில் போட்ட குறுகலான சந்திப்பில் சிக்கிக்கொண்டு நிற்கும், வீடுகள் காலியாகும், வரி குறையும். சிக்கல் முழுவதும் நாமே இட்ட ஒரு சாலையிலிருந்து கிளம்பியது என்பது அப்போதுதான் உறைக்கும். அது ஒருவகையில் ஆட்டத்தின் குறைபாடுதான். ஆயினும், செய்த வினை நம்மையே வந்து சேரும் உணர்வை அது தந்தது. இரண்டாம் பாகத்தில், வெளியான காலத்தில், நகரத்தின் வரவுசெலவு இடித்தால் பின்னாலிருந்து அரசாங்க மானியம் வந்து ஈடுகட்டிவிடும். தவறாகக் கட்டினாலும் நகரம் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். தோற்கவே முடியாத இடத்தில் வெல்வதற்கு என்ன இருக்கிறது? அந்த மானியத்தை எடுத்துவிட்டுப் பொருளாதாரத்தையே திருத்தியமைத்த மேம்படுத்தல் 2024 ஜூனில்தான் வந்தது; அதற்குள் உங்களைப் போன்றவர்கள் பழைய தீவுக்குத் திரும்பியிருந்தார்கள்.

நீங்கள் ஏற்றியதாகச் சொல்லும் பினாங்கு வரைபடத்தைப் பற்றியும் ஒரு சொல். ஸ்கைலைன்ஸ் முதல் பாகத்தின் ஆயுளை நீட்டியவர்கள் பாதிக்கு மேல் ஆடியவர்களே. மோட் என்று சொல்லப்படும் சிறு நிரல்களையும், கட்டடங்களையும், வரைபடங்களையும் ஊதியம் இல்லாமல் செய்து, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையத் தளத்தின் பட்டறையில் வைத்தார்கள். எந்தத் தடத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பலாம் என்பதை நாமே முடிவுசெய்யும் வசதிகூட அப்படித்தான் வந்தது. இரண்டாம் பாகத்தில் அந்தப் பட்டறையைக் கைவிட்டு, வெளியீட்டாளரான பாரடாக்ஸ் தன் சொந்த மேடைக்கு மாறியது. அந்த மேடையும் ஆட்டம் வெளியான நாளில் திறந்திருக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து, 2024 மார்ச்சில், சோதனை நிலையில் திறந்தது. அதே மாதத்தில் கடற்கரை வீடுகள் என்ற கூடுதல் பொதிக்குக் காசு கேட்டார்கள். வீட்டுக்காரர் ஒழுகும் கூரையைக் காட்டும்போது, புது நாற்காலி வேண்டுமா என்று தச்சர் கேட்டது போல இருந்தது அது. அடுத்த மாதமே மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தந்து, அந்தப் பொதியை இலவசமாக்கினார்கள். 2025 நவம்பரில் கொலோசல் ஆர்டரும் பாரடாக்ஸும் பிரியும் அறிவிப்பு வந்தது. ஆட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பு அதே தம்பெரே நகரின் ஐஸ்ஃபிளேக் என்ற நிறுவனத்திடம் போனது.

தொழிற்சாலையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லி விளங்க வேண்டியதில்லை: பழைய லைனைக் கழற்றிவிட்டுப் புது லைன் போட்டால் முதல் சில மாதங்கள் கழிவு அதிகமாகத்தான் வரும். அடித்தளத்தையே புதிதாக எழுதிய ஓர் ஆட்டத்திலும் அப்படித்தான். வேறுபாடு ஒன்றுதான். உங்கள் தொழிற்சாலை அந்தக் கழிவைப் பெட்டியில் போட்டு முழு விலைக்கு அனுப்புவதில்லை.

பினாங்குக்காரர்களாகிய நமக்கு இதற்கு அருகிலேயே ஓர் உவமை இருக்கிறது. 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். நீளம் அதிகம், வயதும் குறைவு. ஆனால் பிறையிலிருந்து ஜோர்ஜ்டவுனுக்கு வேலைக்குப் போகிறவர், காலை நெரிசலைத் திட்டிக்கொண்டே முதல் பாலத்தில்தான் ஏறுகிறார், ஏனெனில் அது அவரைக் குளுகோரில், போக வேண்டிய இடத்திற்கு அருகில், இறக்கிவிடுகிறது. மற்றது பத்து மாவோங்கில் கொண்டுபோய் விடுகிறது. பத்து காவானில் குடியிருப்பவருக்கோ இரண்டாம் பாலம் வரப்பிரசாதம். ஆகவே இரண்டாம் பாகத்தை யாராவது புகழ்ந்தால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் முதல் பாகத்தை ஆடாமல் நேரே இங்கு வந்தவராக இருக்கலாம்.

கேள்வி: நான் பள்ளிக்கூடக் காலத்தில், 2000-ஆம் ஆண்டையொட்டி, சைபர் கஃபேயில் மணிக்கணக்கில் கிடந்தவன். இப்போது வரும் தொடர்ச்சிகளைப் பார்த்து "பழையது போல் வராது" என்றால், "அப்பா, உங்களுக்கு அந்த வயது திரும்ப வேண்டும், அவ்வளவுதான்" என்கிறான் மகன். அவன் சொல்வது சரியா?
– ஒரு தந்தை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பாதி சரி. அந்தப் பாதியிலும், அவன் நினைப்பதைவிடக் கணக்கு சார்ந்த ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. எல்லா ஆட்டங்களுக்கும் இரண்டாம் பாகம் வருவதில்லை. எதிர்பாராத அளவு நன்றாக அமைந்தவற்றுக்கே வருகிறது. எதிர்பாராத வெற்றியில் திறமையோடு நல்வாய்ப்பும் கலந்திருக்கும். அடுத்த முறை திறமை உடன் வரும். நல்வாய்ப்பு வரும் என்பதற்கு உறுதியில்லை. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாக இருந்தாலும் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு இருப்பதில்லை என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஃபிரான்சிஸ் கால்டன் அளந்து காட்டினார். வகுப்பில் ஒருமுறை நூற்றுக்கு 98 வாங்கியவன் அடுத்த முறை 91 வாங்கினால், அவன் கெட்டுப்போய்விட்டான் என்று நாம் முடிவுகட்டுவதைப் போன்றதுதான் தொடர்ச்சிகளைப் பற்றிய நம் புலம்பலில் ஒரு பங்கு.

மீதிப் பாதிக்கு உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். 2000-இல் வந்த டியஸ் எக்ஸ் என்ற ஆட்டத்தில், ஒரு கட்டடத்திற்குள் எந்த வழியில் நுழைவது என்பதை ஆடுபவரே தேர்ந்துகொள்ளும்படி இடங்கள் விரிந்து கிடந்தன. 2003-இல் வந்த அதன் தொடர்ச்சி, கணினியோடு எக்ஸ்பாக்ஸ் கருவிக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. அந்தக் கருவியின் நினைவகம் 64 மெகாபைட். இடங்கள் துண்டு துண்டாகச் சுருங்கின. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே, அடுத்த இடம் ஏறும்வரை காக்க வைக்கும் திரை வந்து நின்றது. எல்லாத் துப்பாக்கிகளுக்கும் ஒரே வகைத் தோட்டா என்றாகிவிட்டது. இவை ஏக்கத்தில் பிறந்த குறைகள் அல்ல. எண்ணிப் பார்த்துச் சொல்லக்கூடியவை. எனவே வீட்டில் ஒரு வழக்கம் வையுங்கள்: எண்ணிக் காட்டக்கூடிய குறையாக இருந்தால் மகன் கேட்டுக்கொள்ள வேண்டும், "அந்தக் காலத்துச் சுவை இல்லை" என்ற வகைக் குறையாக இருந்தால் நீங்கள் விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: என் பிள்ளைகள் கைப்பேசியில் செடிகளை வைத்துப் பிணங்களைத் தடுக்கும் விளையாட்டை ஆடுவார்கள். பெரியவன் ஆடியபோது ஒருமுறை காசு கொடுத்ததோடு சரி. சின்னவள் ஆடுவது இலவசம் என்றார்கள். ஆனால் அவள்தான் ஓயாமல் காசு கேட்கிறாள். இது என்ன நியாயம்?
– ஒரு தாய், புக்கிட் மெர்த்தாஜாம்

பதில்: பெரியவன் ஆடியது 2009-இல் வந்த பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸாகவும், சின்னவள் ஆடுவது 2013-இல் வந்த அதன் இரண்டாம் பாகமாகவும் இருக்க வேண்டும். முதல் பாகத்தை ஜார்ஜ் ஃபேன் என்பவர் வடிவமைத்தார். ஐம்பது கட்டங்கள், ஒவ்வொன்றாக முடிக்க முடிக்க ஒரு புதுச் செடி கைக்கு வரும். அடுத்து என்ன செடி வருமோ என்ற ஆவலே ஆட்டத்தின் உயிர். அதைச் செய்த பாப்கேப் நிறுவனத்தை 2011-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. இரண்டாம் பாகத்தை இலவசமாகக் கொடுத்து, சில செடிகளை உண்மையான காசுக்கு விற்றார்கள். ஆவலைத் தூண்டிய அதே இடத்தில் கல்லாப்பெட்டியை வைத்துவிட்டார்கள் என்பதுதான் இதன் சுருக்கம். ஆட்டம் மோசமாகச் செய்யப்பட்டது என்று சொல்ல மாட்டேன்; அதன் நோக்கம் மாறிவிட்டது. முன்பு வடிவமைத்தவர், பிள்ளை எப்போது மகிழும் என்று யோசித்தார். இப்போது, எந்த நொடியில் பிள்ளையின் பொறுமை தீர்ந்து பெற்றோரிடம் ஓடும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. கைப்பேசியின் அமைப்புகளில், கடவுச்சொல் இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி பூட்டும் வசதி உண்டு, இன்றே போட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் கணினித் துறை மாணவன். மக்களுக்குப் பிடித்ததையே கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதாதா? நிறுவனங்கள் ஏன் எல்லாவற்றையும் மாற்றித் தொலைக்கின்றன? முதல் பாகத்தை விஞ்சிய இரண்டாம் பாகங்கள் உண்டா?
– ஒரு மாணவர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உண்டு, நிறையவே உண்டு. 1987-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டரை இன்று யாரும் தேடிப்போய் ஆடுவதில்லை. தனியாக ஆடுபவருக்கு அதில் ரியூ என்ற ஒரே வீரன்தான். 1991-இல் வந்த இரண்டாம் பாகம், ஆளுக்கொரு பாணியோடு எட்டுப் பேரைத் தேர்ந்தெடுக்கும்படி கொடுத்தது; சண்டை ஆட்டங்கள் அனைத்திற்கும் அதுவே இலக்கணமாயிற்று. 2007-இல் வந்த அசாசின்ஸ் கிரீட் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னது; 2009-இல் வந்த இரண்டாம் பாகம் அந்த அலுப்பை நீக்கியது. இரண்டிலும் முதல் பாகம், நல்ல எண்ணம் ஒன்று பாதியில் நின்ற வடிவம். நிறைவேறாத எண்ணத்திற்குத் தொடர்ச்சி எழுதுவது எளிது. நிறைவேறிவிட்ட எண்ணத்திற்கு எழுதுவதுதான் தலைவலி.

ஏன் மாற்றுகிறார்கள் என்பதற்கு, ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிப் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார். உங்கள் பாடத்திலும் வந்திருக்கும். முதல் அமைப்பைச் செய்யும்போது, என்ன செய்கிறோம் என்பது முழுதும் தெரியாததால், அடக்கமாகச் செய்கிறோம். மனத்தில் தோன்றும் அலங்காரங்களையெல்லாம் "அடுத்த முறை" என்று ஒதுக்கி வைக்கிறோம். இரண்டாவதைச் செய்யும்போது, ஒதுக்கி வைத்தது அத்தனையும் ஒன்றுவிடாமல் வந்து புகுந்துகொள்கிறது. ஆகவேதான் ஒருவர் செய்யும் இரண்டாவது அமைப்பு மிக ஆபத்தானது என்றார்.

ஆனால் நீங்கள் சொல்வதைப் போல, இருப்பதையே வைத்துக்கொண்டு கொஞ்சம் கூட்டிக் கொடுத்தவர்களும் ஒரே முடிவைக் காணவில்லை. இரண்டு ஆட்டங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வடிவமைப்பு படிக்க விரும்பினால் இந்த ஒப்பீடு பயன்படும். டிராகன் ஏஜ் முதல் பாகம் 2004-இல் அறிவிக்கப்பட்டு, பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2009 நவம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2011 மார்ச்சில், பதினாறே மாத இடைவெளியில் வந்தது. கால நெருக்கடியில், செய்து வைத்த சில குகைகளையும் கிடங்குகளையும் மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள், ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். இதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முந்தியது செல்டா என்ற ஆட்ட வரிசையின் கதை. 1998 நவம்பரில் ஒக்கரினா ஆஃப் டைம். அதன் தொடர்ச்சியான மஜோராஸ் மாஸ்க் 2000 ஏப்ரலில், பதினேழு மாதத்தில். அங்கும் அதே நெருக்கடிதான். முதல் பாகத்து மனிதர்களின் உருவங்களையே எடுத்து வேறு மனிதர்களாக நடமாடவிட்டார்கள். புதிதாகக் கட்டிய உலகமும் முந்தையதைவிடச் சிறியது. ஆனால் அதை இன்றுவரை கொண்டாடுகிறார்கள்.

வேறுபாடு எங்கே? மஜோராஸ் மாஸ்க்கில் நிலா வந்து மோத மூன்று நாள்கள் இருக்கின்றன; மூன்றாம் நாள் முடிவதற்குள் காலத்தைத் திருப்பி முதல் நாள் காலைக்குப் போய்விடலாம். எனவே அதே தெருவுக்கு, அதே தபால்காரரிடம், பத்தாவது முறையாகப் போகும்போது, அவர் எந்த மணிக்கு எங்கிருப்பார் என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவே நம் ஆயுதம். திரும்ப வருவதுதான் கதை என்று ஆக்கிவிட்டதால், கையில் பொருள் குறைவாக இருந்தது தெரியவில்லை. டிராகன் ஏஜ் இரண்டாம் பாகத்தின் கதையும் கர்க்வால் என்ற ஒரே நகரத்தில் பல ஆண்டுகள் நடக்கும் கதைதான்; அந்த ஆண்டுகளில் அந்த இடங்கள் எப்படி மாறின என்று காட்டியிருந்தால் அதுவே பெருமையாகியிருக்கும். அதற்கு மாறாக, ஒரு கதவை அடைத்து இன்னொரு கதவைத் திறந்துவிட்டு, இது வேறு குகை என்று நம்பச் சொன்னார்கள். பழஞ்சோற்றைப் பழஞ்சோறு என்று சொல்லி வெங்காயத்தோடு வைத்தால் விரும்பிச் சாப்பிடுகிறவர், அதையே சூடாக்கிப் புதுச் சோறு என்று வைத்தால் முகம் சுளிக்கிறார்.

ஆள் மாறுவதைப் பற்றியும் சேர்த்துச் சொல்கிறேன். டெவில் மே கிரை முதல் பாகத்தை 2001-இல் இயக்கியவர் ஹிடேக்கி காமியா. 2003-இல் வந்த இரண்டாம் பாகம் வேறு குழுவிடம் போய், பணி பெரும்பாலும் ஓடிமுடிந்த நிலையில் ஹிடேயாக்கி இட்சுனோவின் தலையில் வந்து விழுந்தது, ஆட்டத்தை விமர்சகர்கள் கடுமையாகக் குறை கூறினார்கள். ஆனால் அதே இட்சுனோ, தொடக்கத்திலிருந்து தம் கையில் இருந்த மூன்றாம் பாகத்தை 2005-இல் கொடுத்தபோது, முதல் பாகத்தைவிட அதுதான் சிறந்தது என்று வாதிடுபவர்கள் கிளம்பினார்கள். ஆகவே, முதல் ஆளே வந்தால்தான் ஆகும் என்பதும் இல்லை. வந்தவருக்கு வேலை எந்தக் கட்டத்தில் கைக்கு வந்தது என்பதைக் கேளுங்கள்.

கேள்வி: இவ்வளவும் சரி ஐயா. வாங்கலாமா வேண்டாமா என்பதை எப்படி முடிவுசெய்வது?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வெளியாகும் முதல் நாளில் வாங்க வேண்டாம். ஸ்டீம் தளத்தில் வாங்கினால், வாங்கிய பதினான்கு நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சண்டை ஆட்டத்திற்கு இரண்டு மணி நேரம் தாராளம். ஆனால் பாயான் பாரு வாசகர் ஆடுவதைப் போன்ற நகர ஆட்டத்திற்கு அந்தக் கணக்கு உதவாது. இரண்டு மணி நேரத்தில் நான்கு தெருவும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான் போட்டிருப்பீர்கள். அந்த அளவில் எந்தக் கணினியும் பறக்கும். மக்கள்தொகை லட்சத்தைத் தொட்ட பிறகு என்ன ஆகிறது என்பதை ஆடிக் காட்டும் காணொளி வரும்வரை காத்திருங்கள். அதுவரை பழைய நகரத்தில் ஒரு சந்திப்பையாவது சீர்செய்யலாம்.